ஈ.ஆர். வெர்ப்பும் பகுபத உறுப்பிலக்கணமும்

பிளஸ் ஒன் பிரெஞ்சு வகுப்பு நடக்கும் பள்ளிகளில் ஜூன், ஜூலை மாதங்களில் ஓர் ஒப்பிப்பு கேட்கும்: ஈ, ஈ.எஸ்., ஈ, ஓ.என்.எஸ்., ஈ.இசட்., ஈ.என்.டி. பெருக்கல் வாய்ப்பாட்டின் ராகத்தில் வகுப்பே சேர்ந்து சொல்லும். பிரெஞ்சில் விதிப்படி நடக்கும் வினைச்சொற்களில் ஆகப்பெரிய கூட்டம் நிகழ்காலத்தில் ஏற்கும் ஆறு ஈறுகள் இவை. பள்ளி வழக்கில் அந்தக் கூட்டத்துக்கு ‘ஈ.ஆர். வெர்ப்’ என்று பெயர். அடுத்து ‘ஐ.ஆர். வெர்ப்’, அதற்கடுத்து ‘ஆர்.ஈ. வெர்ப்’. இப்படி ஒப்பிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். சில மாதங்களுக்கு முன்புதான் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்காக ‘வந்தனன்’ மாதிரியான சொற்களைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துப் பிரித்து எழுதிப் பழகியவர்கள். அந்த வேலையும் இந்த வேலையும் ஒன்றுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சு வகுப்பின் விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கிறது; பகுபத உறுப்பிலக்கணம் பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டப்பட்டுவிடுகிறது.

தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சு வினையைத் தமிழ் இலக்கணத்தின் மேல் வைத்துத்தான் கற்பிக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. இதில் மொழிப் பெருமைக்கு வேலையில்லை. ஆங்கிலம் வழியாகப் போவது சுற்றுவழி. அதிலும், வினைச்சொல் என்ற இடத்தில் ஆங்கிலம் கைகொடுக்க முடியாத மொழி. அந்தச் சுற்றுவழிக்கு ஒரு சுங்கமும் உண்டு. ஆங்கிலத்தில் இலக்கண விளக்கம் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைக்கு மட்டுமே பிரெஞ்சு என்று ஆகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். 1879 முதல் இரண்டு ஊருக்கும் ரயில் ஓடுகிறது. விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூர்ப் பக்கம் இருக்கும் முகையூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் புதுவைக் கடற்கரையில் நிற்கலாம். ஆனால் முகையூர் ஒன்றியத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பெண்ணுக்குப் பிரெஞ்சு என்பது சென்னைத் தனியார் பள்ளிகளின் சரக்கு. அவளைத் தடுப்பது தூரம் இல்லை. நடுவில் நிற்கும் ஆங்கிலம்.

முதலில் ஆங்கிலத்தின் கையிருப்பைப் பார்ப்போம். ‘பேசு’ என்ற வினைக்கு நிகழ்காலத்தில் ஆங்கிலத்தில் இரண்டே வடிவங்கள்: ஸ்பீக், ஸ்பீக்ஸ். நான், நீ, நாம், நீங்கள், அவர்கள் எல்லாருக்கும் முதலாவது. அவன், அவள், அதுவுக்கு இரண்டாவது. இடம் மாறினால் வினையின் ஈறு மாறும் என்ற எண்ணமே ஆங்கிலத்தில் ஒரே ஓர் ‘எஸ்’ஸாகத் தேய்ந்து நிற்கிறது. தமிழிலோ பேசுகிறேன், பேசுகிறோம், பேசுகிறாய், பேசுகிறீர்கள், பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது, பேசுகிறார்கள் என்று ஒவ்வோர் இடத்துக்கும் விகுதி தனித்தனி. தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை. தொடக்க வகுப்பைத் தாண்டிய எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது பாடமாகவும் தெரியும், பாடம் இல்லாமலும் தெரியும். பிரெஞ்சு வகுப்பின் முதல் நாளில் கரும்பலகையில் எழுதப்படும் ஆறு கட்டங்கள் இதே கட்டங்கள்தான். ஆங்கில விளக்கத்தில் அந்தப் பிள்ளை ‘வினை ஏன் ஆறு விதமாக மாற வேண்டும்’ என்று வியந்து, பிறகு சமாதானமாகி, பிறகு மனப்பாடம் செய்கிறது. வியப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஒற்றுமை கட்டங்களோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். பேசு என்பதற்குப் பிரெஞ்சில் ‘பார்லே’. (பிஸ்கட் ஞாபகம் வந்தால் தப்பில்லை, அது மும்பைப் பகுதி ஒன்றின் பெயர், இதற்கும் அதற்கும் உறவில்லை.) இதில் பகுதி ‘பார்ல்’. ‘நாங்கள்’ என்பதற்கான இடப்பெயர் ‘நூ’. அதற்குரிய விகுதி எழுத்தில் ஓ.என்.எஸ்., ஒலியில் மூக்கோடு நின்றுவிடும் ‘ஓன்’. நிகழ்காலம்: நூ பார்ல்+ஓன். இனி, தொடர்ந்து நடந்துவந்த இறந்தகாலத்தைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் ஓர் ‘இ’ வருகிறது: நூ பார்ல்+இ+ஓன், அதாவது ‘பார்லியோன்’, பேசிக்கொண்டிருந்தோம். எதிர்காலத்துக்கு நடுவில் ஈ.ஆர்.: பார்ல்+எர்+ஓன், ‘பார்லெரோன்’, பேசுவோம். ‘அப்படியானால் பேசுவோம்’ என்ற சாயலில் ஒரு நிபந்தனை நிலை உண்டு. அதற்கு இரண்டையும் அடுக்குகிறார்கள்: பார்ல்+எர்+இ+ஓன். பகுதி முன்னே, காலம் காட்டுவது நடுவிலே, ஆளைக் காட்டுவது கடைசியிலே. பேசு+இன்+ஓம், பேசு+கிறு+ஓம், பேசு+வ்+ஓம் என்று பிரித்த கைக்கு இதைப் பிரிக்க ஒரு நிமிடம் போதும். நடுவில் நிற்பதற்கு இடைநிலை என்றும் கடைசியில் நிற்பதற்கு விகுதி என்றும் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பெயர் வைத்திருக்கிறார். ‘நீங்கள்’ என்னும் ‘வூ’வுக்கும் அதே அடுக்கு: பார்லே, பார்லியே, பார்லெரே, பார்லெரியே. விகுதி ‘ஏ’ மாறவே இல்லை. மாறியது இடைநிலை மட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. தமிழின் தன்மைப் பன்மை விகுதி ‘ஓம்’, பிரெஞ்சின் தன்மைப் பன்மை விகுதி ‘ஓன்’. இரண்டும் தற்செயலாகத்தான் ஒத்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு யாராவது பாரிசில் தமிழ் வேர் தேடக் கிளம்பினால் நான் பொறுப்பல்ல. ஆனால் ஒரு குழந்தை ஒருமுறை கேட்டால் மறக்காது. இப்படிப்பட்ட ஞாபகக் கொக்கியை ஆங்கில வழிப் பாடம் எங்கிருந்து கொடுக்கும்?

வாய்ப்பாடாக மட்டும் கற்கும்போது, இந்த உள்ளமைப்பு கண்ணில் படுவதில்லை. நிகழ்காலத்துக்கு ஆறு ஈறு, தொடர் இறந்தகாலத்துக்கு ஆறு, எதிர்காலத்துக்கு ஆறு, நிபந்தனை நிலைக்கு ஆறு என்று இருபத்துநான்கு தனித்தனி ஈறுகளைப் பிள்ளை சுமக்கிறது. மூன்று வகை வினைக்கும் சேர்த்தால் சுமை இன்னும் ஏறும். ‘ஐ.ஆர்.’ வகையில் ‘ஃபினீர்’ (முடி) என்ற வினையை எடுங்கள். ஒருமையில் ஃபினி, ஃபினி, ஃபினி. பன்மையில் ஃபினிஸோன், ஃபினிஸே, ஃபினிஸ். பன்மையில் மட்டும் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ஓர் ‘இஸ்’ வந்து உட்கார்கிறது. அதைச் சாரியை என்று அப்படியே சொன்னால் தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். ஆனால் ‘வந்தனன்’ என்பதில் இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே ‘அன்’ வந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு, சொல்லின் நடுவில் பொருளற்ற ஒரு துண்டு வந்து சேர்வது அதிர்ச்சி தராது. ‘ஆர்.ஈ.’ வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே பன்மை விகுதிகள். ஒருமையில் மட்டும் எஸ், எஸ், பிறகு ஒன்றுமில்லை. பிரெஞ்சு இலக்கணக்காரர்களே இதைத் தனிவகையாக மதிக்காமல், விதிக்கு அடங்காத வினைகளோடு சேர்த்து மூன்றாம் குழு என்ற பையில் போட்டுவிடுகிறார்கள்.

ஆங்கிலம் வழியாகப் போவதால் உண்டாகும் தவறுகள் எவை என்பது பிரெஞ்சு ஆசிரியர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. ‘பேசிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதச் சொன்னால் பிள்ளை ‘ஜெ சுயி பார்லே’ என்று எழுதும். ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் ஸ்பீக்கிங்’ அப்படியே பெயர்ந்து வந்தது. ‘ஆம்’ என்பதற்கு ஒரு சொல் தேடி ‘சுயி’யை வைத்துவிட்டது. பிரெஞ்சில் ‘ஜெ பார்ல்’ என்றால் போதும், இப்போது பேசுவதும் வழக்கமாகப் பேசுவதும் இரண்டும் அதிலேயே அடங்கும். தமிழின் ‘பேசுகிறேன்’ அதே மாதிரிதான். ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால், இந்த நொடியைக் கேட்கிறாரா, வேலையைக் கேட்கிறாரா என்பது இடத்தைப் பொறுத்தது. கேள்வி வாக்கியத்திலும் இதே கதை. ஆங்கிலத்தின் ‘டூ’வுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருந்தாக வேண்டும் என்று பிள்ளை தேடும். ‘பேசுகிறீர்களா?’ என்று தமிழில் நினைத்திருந்தால் தேட வேண்டியதே இல்லை.

‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு இன்னும் வெளிப்படையானது. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’ என்று இரண்டு. வினையும் அதற்கேற்ப மாறும். ஆங்கில வழி வகுப்பில் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் தேவைப்படுகிறது: நெருங்கியவரிடம் இது, பெரியவரிடம் அது, அறிமுகமில்லாதவரிடம் அது, பலரிடமும் அது. முகையூர்ப் பிள்ளைக்கு இந்த விளக்கம் எதற்கு? பக்கத்து வீட்டுத் தோழியை ‘நீ’ என்றும் தலைமை ஆசிரியரை ‘நீங்க’ என்றும் சொல்லக் கற்றுத்தரப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. அந்துவான் த சேந்த் எக்சுபெரியின் ‘குட்டி இளவரசன்’ 1943இல் வெளியானது. பாலைவனத்தில் விமானியைப் பார்த்ததும் அந்தச் சிறுவன் ஓர் ஆட்டை வரைந்து தரச் சொல்கிறான். ‘தயவுசெய்து’ என்பதை ‘வூ’ போட்டு மரியாதையாகத் தொடங்கியவன், ‘வரை’ என்பதை ‘த்யு’வுக்குரிய ஏவலில் முடிக்கிறான். வரைதல் என்பது சாதாரண ‘ஈ.ஆர்.’ வினைதான். அந்த ஒற்றை விகுதியில், முன்பின் தெரியாத பெரியவரிடம் மரியாதையாகத் தொடங்கி உடனே உரிமை எடுத்துக்கொள்ளும் குழந்தையின் குணம் முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் காட்ட வழியே இல்லை. தமிழில் காட்டலாம், குறைந்தபட்சம், தமிழ்ப் பிள்ளைக்கு அது சொன்னவுடன் புரியும்.

இனி மறுப்புகள். கனமான ஒன்று உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. தமிழ் விகுதி காதில் விழும். பிரெஞ்சு விகுதி பெரும்பாலும் விழாது. ஜெ பார்ல், த்யு பார்ல், இல் பார்ல் (அவன்), நூ பார்லோன், வூ பார்லே, இல் பார்ல் (அவர்கள்). ஆறில் நான்கு ஒரே ஒலி. எழுத்தில் ஈ, ஈ.எஸ்., ஈ.என்.டி. என்று வேறு வேறாக இருப்பவை வாயில் ஒன்றாகிவிடுகின்றன. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ இரண்டும் ‘இல் பார்ல்’. தமிழில் ‘நான்’ என்று சொல்லாமலேயே ‘பேசுகிறேன்’ என்று முடிக்கலாம், விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரெஞ்சில் அந்த வேலை இடப்பெயருக்குப் போய்விட்டது. ‘ஜெ’யை விட்டுவிட்டால் வாக்கியமே இல்லை. ஆக, தமிழ்ப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகிற பிள்ளை இடப்பெயரை விழுங்கும், எழுத்தில் இருக்கும் ஈறுகளை எல்லாம் உரக்கப் படிக்கும். இரண்டும் தவறு.

இந்த மறுப்பு உண்மை. ஆனால் முடிவு வேறு. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கலாம் என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ‘பேசுகிறார்கள்’ என்று எழுதுகிறோம், ‘பேசுறாங்க’ என்று சொல்கிறோம். எழுத்து பழைய ஒலியைப் பிடித்துவைத்திருக்கிறது, வாய் முன்னே போய்விட்டது. பிரெஞ்சிலும் நடந்தது அதுதான்: லத்தீனில் எல்லா ஈறுகளும் ஒலித்தன, நூற்றாண்டுகளில் வாய் அவற்றைத் தேய்த்தது, எழுத்து விடவில்லை. அதனால்தான் பிரெஞ்சுக் குழந்தைகளே இதில் தடுக்கி விழுகிறார்கள். பார்லே என்ற ஒரே ஒலியைப் ‘பேச’ என்றும், ‘பேசுகிறீர்கள்’ என்றும், ‘பேசிய’ என்றும் மூன்று விதமாக எழுத வேண்டும். எங்கே எது என்று காது சொல்லாது, இலக்கணம்தான் சொல்லும். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் பெஷெரெல் சகோதரர்கள் தொடங்கிய வினைத்திரிபுப் புத்தகத்தின் பெயர் இன்றும் அந்த நாட்டு வீடுகளில் புழங்குவதற்குக் காரணம் இதுவே. ‘ஐ.ஆர்.’, ‘ஆர்.ஈ.’ வகைகளில் நிலைமை கொஞ்சம் தேவலாம். இல் ஃபினி என்றால் அவன், இல் ஃபினிஸ் என்றால் அவர்கள். இல் வான் என்றால் அவன் விற்கிறான், இல் வாந்த் என்றால் அவர்கள் விற்கிறார்கள். கடைசி மெய்யொலி பன்மையைக் காட்டிக்கொடுக்கிறது. எப்படியானாலும், கேட்காத விகுதியைப் புரிந்துகொள்ள, விகுதி என்றால் என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய இல்லை; தமிழில் அது ஒலியோடு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது எளிது?

இரண்டாவது மறுப்பு சொற்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்குப் பாதி அகராதி இலவசம் என்பார்கள். சரிதான். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததன் மிச்சம் அது. பெயர்ச்சொற்களில் அந்த உதவியை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்ற இடத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே கைவிரிக்கும்; உயர்திணை, அஃறிணை என்று பழகியவனுக்கு மேசை ஏன் பெண்பால் என்பது கடைசி வரை விளங்காது, மனப்பாடம்தான். நான் சொல்வது வினைக்கு மட்டும். ஒரு மொழியின் சொற்கிடங்குக்கு ஒரு வாசலும் வினைக்கு வேறு வாசலும் இருப்பதில் தவறில்லை. இரண்டுக்கும் ஒரே வாசல் என்று அடம்பிடிப்பதுதான் இப்போதைய ஏற்பாடு.

மூன்றாவதாக, மொழி கற்பித்தலில் தேர்ந்தவர்கள் சொல்வது: தாய்மொழியே வேண்டாம், பிரெஞ்சைப் பிரெஞ்சிலேயே கற்பிக்க வேண்டும். பாரிசிலிருந்து வரும் பாடநூல்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. காலையிலிருந்து இரவு வரை அந்த மொழி காதில் விழும் இடத்தில் இது பலிக்கும். வாரத்தில் சில பாடவேளை, நெரிசலான வகுப்பு, மணி அடித்தால் இயற்பியல் என்ற சூழலில் பிரெஞ்சைப் பிரெஞ்சில் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் ஆங்கிலத்தில் நடத்துகிறோம். நேர்முறை என்ற பெயரில் தமிழ் மட்டும் வெளியே நிற்கிறது. பிரெஞ்சுத் தேர்வுகளின் தரநிலைக்கு அடிப்படையாக இருக்கும் ஐரோப்பிய மொழிச் சட்டகம் 2001இல் வந்தது. அதுவே, ஒருவர் அறிந்த எல்லா மொழிகளும் புதிய மொழிக்கு முதலீடு என்று ஏற்கிறது. 2020இல் வந்த அதன் துணைத் தொகுதி, ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்வதைத் தனித் திறனாகவே விரிவாக வகுத்திருக்கிறது. ஐரோப்பியர் விட்டுவிட்ட வைராக்கியத்தை நாம் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

தமிழும் பிரெஞ்சும் நேருக்கு நேர் சந்தித்த காலமும் இந்த மண்ணில் இருந்தது. வீரமாமுனிவர் பொதுவழக்குத் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. விகுதிகள் நிறைந்த லத்தீனை அறிந்தவர்களுக்குத் தமிழ் வினை அந்நியமாகத் தோன்றவில்லை. 1776 முதல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்ற பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணி சபையின் குருக்கள் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார்கள். கத்தோலிக்கர் கணிசமாக இருக்கும் முகையூர் இன்றும் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்த மூசே, துய்ப்புய் இருவரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி இரண்டு தொகுதிகளாக 1855இலும் 1862இலும் புதுச்சேரியிலேயே அச்சேறியது. காரைக்காலில் வளர்ந்த ழூலியேன் வேன்சோன் 1903இல் தமிழ் கற்க விரும்பும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கையேடு எழுதினார். இவர்கள் யாருக்கும் நடுவில் ஆங்கிலம் தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து போட்ட பாதை இது. இந்தப் பக்கத்திலிருந்து நாம் நடக்கவில்லை. நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வெ. ஸ்ரீராம் ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலையும், ச. மதனகல்யாணியோடு சேர்ந்து ‘குட்டி இளவரசன்’ கதையையும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கினார். இரண்டையும் தமிழ் வாசகர்கள் இன்னமும் தேடிப் படிக்கிறார்கள்.

சரி, முகையூர்ப் பெண்ணுக்குப் பிரெஞ்சு எதற்கு, ஆங்கிலமே தள்ளாடும்போது என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைச் சென்னைப் பள்ளி மாணவனிடம் யாரும் கேட்பதில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பிரெஞ்சு எடுப்பதற்குச் சொல்லப்படும் காரணம் மதிப்பெண். பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேராது. தமிழை எடுத்துச் செய்யுளும் உரைநடையும் படிப்பதைவிட, தொடக்கநிலைப் பிரெஞ்சை எடுத்து நேரத்தை மிச்சம்பிடித்துக் கணிதத்துக்குக் கொடுக்கலாம். 2017இல் பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பதை அரசு நிறுத்தும்வரை, தமிழ் எடுத்தவர்களையும் பிறமொழி எடுத்தவர்களையும் தனித்தனியாகத்தான் அறிவிக்க வேண்டியிருந்தது. தமிழைத் தவிர்க்கும் வழியாகப் பிரெஞ்சு இப்படி உருமாறியிருக்கிறது; இரண்டு ஆண்டு படித்த பிறகும் புதுவையில் ஒரு கடைப்பலகையைக்கூட முழுதாகப் படிக்க வராது என்றால் வியப்பில்லை. உண்மையில் பிரெஞ்சால் பயனடையக் கூடியவர்கள் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான். செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார், 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளின் கணக்கும் கடிதமும் பிரெஞ்சில் இருக்கின்றன. இந்தக் கிராமங்களில் வாழ்ந்த குருக்கள் பாரிசுக்கு எழுதிய அறிக்கைகள் பிரெஞ்சில் இருக்கின்றன. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடுகளில் ஒரு பெரும் பகுதி பிரெஞ்சில். சொந்த ஊரின் வரலாற்றை எழுத விரும்பும் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக்கல்லூரி மாணவர் அந்த ஆவணத்தின் முன் போய் நின்றால், படித்துச் சொல்ல வேறு யாரையாவது தேட வேண்டியிருக்கிறது. பிழைப்பும் உண்டு. பாரிசில் லா ஷபெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்களில் பலர் அதிக ஆங்கிலம் இல்லாமலே போய்ப் பிரெஞ்சு கற்றவர்கள்; பிரான்சில் குடியுரிமை கேட்பவர் பிரெஞ்சுத் தேர்ச்சியைக் காட்டியாக வேண்டும். கனடாவின் கியூபெக்கில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, குடிபெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும்; மொன்றியல் தமிழ்க் குழந்தைகள் போகிறார்கள்.

மொழிக்கொள்கையைக் காட்டிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1968 முதல் இந்த மாநிலத்தில் இருமொழிக் கொள்கை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்கியது. இரண்டிலும் கைவைக்கச் சொல்லவில்லை. பிரெஞ்சு விருப்பப்பாடமாகவே இருக்கட்டும். விரும்புகிறவர் ஆங்கிலத்துக்கு வரி கட்டாமல் படிக்க வழி இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. இதனால் தமிழுக்கு நட்டமில்லை என்பதோடு ஒரு லாபமும் உண்டு. பகுபத உறுப்பிலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இதுவரை ‘தேர்வுக்கு’ என்ற பதில்தான் இருக்கிறது. அதே கருவியைக் கொண்டு ஓர் அயல்மொழியைப் பிரித்துப் போடலாம் என்று தெரிந்தால் அவன் அந்தப் பாடத்தை வேறு கண்ணோடு பார்ப்பான். பிரெஞ்சில் புதிதாக வரும் வினைகள் அநேகமாக ‘ஈ.ஆர்.’ கூட்டத்தில் சேர்ந்து, கிளிக்கே என்றாகி, நூ கிளிக்கோன் என்று ஒழுங்காக விகுதி பெறுகின்றன. நாம் ‘கிளிக் பண்ணினோம்’ என்று ‘பண்ணு’வைக் கூப்பிட்டுத் தமிழ் விகுதியை அதில் ஏற்றுகிறோம். இரண்டு மொழிகளும் அந்நியச் சொல்லை எப்படி வீட்டுக்குள் விடுகின்றன என்று அருகருகே வைத்துப் பார்க்கும் வகுப்பு தமிழ் வகுப்பாகவும் இருக்கும்.

நடைமுறையில் இதற்குப் பெரிய செலவில்லை. விதிப்படி நடக்கும் மூன்று வகை வினைகளுக்கும் நான்கு காலங்களுக்கும் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டும் ஒரு சிறு நூலைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் கொண்டுவரலாம். இரண்டு மொழியிலும் ஒருங்கே புலமை உள்ளவர்களுக்குப் புதுவையில் பஞ்சமில்லை. பிரெஞ்சு ஆசிரியர்களில் பலருக்குத் தமிழ் இலக்கணம் மறந்திருக்கும் என்பது மெய்யான தடைதான். அதே பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறார்; பயிற்சி முகாமில் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பாதி தீரும். விழுப்புரம் அறிஞர் அண்ணா கல்லூரியிலும் திண்டிவனத்திலும் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பாகத் தொடங்கிப் பார்க்கலாம். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்களையே முதலில் சேர்க்கலாம், இந்த முறை அவர்களுக்குத்தான் விரைவில் பலிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், பணம் எதுவும் கேட்காத ஒரு மாற்றம் இருக்கிறது: பிரெஞ்சுத் தேர்வுகளில் மொழிபெயர்ப்புக்கும் இலக்கண விளக்கத்துக்கும் விடையைத் தமிழில் எழுத விரும்பும் மாணவர் தமிழில் எழுதலாம் என்று வினாத்தாளின் தலைப்பில் ஒரு வரி சேர்ப்பது. பாடம் நடத்துகிறவர்கள் வினாத்தாளைப் பார்த்துத்தான் நடத்துகிறார்கள். அந்த வரி வந்தால் வகுப்பறையின் மொழியும் தானாக மாறத் தொடங்கும்.